கயிறு பார்க்கும் அணுக்கள்

ஆவுடையப்பனின் ரத்தத்தை எந்த உடம்பும் தள்ளியதில்லை. சங்கத்துக் கல்யாண மண்டபத்தின் வாசலில் தொங்கிய பேனரில் அதைத்தான் வேறு வார்த்தையில் போட்டிருந்தார்கள்: ‘நம் குலத்தின் அசல் ரத்தம்.’ பேனரில் இருந்த படத்தில் அவன் சிரிக்கவில்லை. லாரி ஓட்டும் உரிமத்துக்காக எடுத்த படம் அது.

உப்புக்காய்ச்சல் அந்தக் கடலோர மாவட்டங்களில் இறங்கி ஒரு வருஷம் ஆகியிருந்தது. வந்தவர்களில் பாதிப் பேர் பிழைக்கவில்லை. பிழைத்தவர்களின் வெள்ளையணுக்களில் சில, அந்தக் கிருமியின் முகத்தை மறக்காமல் ரத்தத்தில் சுற்றிக்கொண்டிருக்கும். நினைவணு என்று அதற்குப் பெயர். அதைப் பிரித்தெடுத்து, எஃகுத் தொட்டியில் பெருக்கி, படுத்துக் கிடப்பவனுக்கு ஏற்றினால் காய்ச்சல் சட்டென்று இறங்கிவிடும். ஒரே சிக்கல், யாருடைய அணுவும் யாருக்கும் சேர்ந்துவிடாது. அரசாங்க ஆஸ்பத்திரியில் பொருத்தமான ஆளைத் தேடி முடிப்பதற்குள் பல பேர் போய்விட்டார்கள். சொந்தத்துக்குள் என்றால் சேருவதற்கு வாய்ப்பு அதிகம் என்ற பேச்சு பரவியது. ஒவ்வொரு சாதிச் சங்கமும் தன் மண்டபத்தில் ஒரு தொட்டி வாங்கி வைத்தது. அதுவரை சங்கங்களின் வேலை கொடிக்கம்பம் நடுவதும், பள்ளிக்கூடப் பிள்ளைகளின் மணிக்கட்டில் அவரவர் நிறத்தில் கயிறு கட்டிவிடுவதும்தான். இப்போது உயிர் காக்கிற வேலை வந்துவிட்டது. தலைவர்களின் நடையே மாறிப்போயிருந்தது.

ஆவுடை, தாய்மாமனுக்கும் அக்கா மகளுக்கும் பிறந்தவன். அவன் அம்மாவும் அப்படியே. அதற்கு மேலேயும் விசாரித்தால் அதே கதைதான். காய்ச்சல் வந்து பிழைத்த பிறகு அவன் அணுவைச் சங்கத்து ஆட்களுக்கு ஏற்றினார்கள். வேறு ஆட்களின் அணுவைச் சில உடம்புகள் வெளியே தள்ளின. இவனுடையதை ஒரு உடம்பும் தள்ளவில்லை. காய்ச்சல் இறங்கிய பிறகு சிலர் வேறு மாதிரி நோயில் படுத்து இறந்தார்கள் என்பது உண்மை. அதற்குச் சங்கத்து கிளினிக்கில் ‘பின்காய்ச்சல்’ என்று பெயர் வைத்தார்கள். ஆவுடையின் மனைவி வடிவும் பின்காய்ச்சலில்தான் போனாள். அவளுக்கு ஏற்றியதும் அவனுடைய அணுதான். அப்படியும் காப்பாற்ற முடியாமல் போனதே என்று மண்டபத்தில் இரங்கல் கூட்டம் நடத்தினார்கள்.

அன்றைக்கும் அவன் மண்டபத்தில் சாய்வு நாற்காலியில் கையை நீட்டியபடி கிடந்தான். தொட்டி காலியாகி இருந்தது. ஊசி குத்தி ரத்தம் குழாயில் ஏறத் தொடங்கியபோது வாசலில் ஒரு குரல் கேட்டது. தலையைத் திருப்பினான். அவன் அக்கா பிரம்மசக்தி.

இருபது வருஷத்துக்கு முன்னால் மாசானம் என்ற வெல்டரோடு போய்ப் பதிவுத் திருமணம் செய்துகொண்டவள். மாசானத்தின் கையில் இருந்த கயிறு வேறு நிறம். வீட்டில் அவளைத் தலைமுழுகிவிட்டார்கள்.

சங்கத் தலைவர் சிதம்பரவேல் வாசல் மேஜையை விட்டு எழுந்திருக்காமலே அவளைப் பார்த்தார். ரைஸ் மில் வைத்திருப்பவர். யாரையும் கடிந்து பேசமாட்டார்.

“எம் மக நித்திலாவுக்குக் காய்ச்சல், அண்ணாச்சி. பெரியாஸ்பத்திரியில கிடக்கா. அவ அப்பா போன மாசம்தான் இதே காய்ச்சல்ல…” பிரம்மசக்தி முடிக்கவில்லை.

“கேள்விப்பட்டேன்மா. மனசுக்குக் கஷ்டமா இருந்துச்சு. ஆனா இங்க உள்ளது நம்ம ஆளுகளுக்கு. உன் பிள்ளைக்கு ஏத்தினா சேராது. இத நான் சொல்லல. மருத்துவம் சொல்லுது.”

“பாதி உங்க ரத்தம்தான அண்ணாச்சி.”

“பாதியெல்லாம் கணக்குல வராதும்மா.”

ஆவுடை ஊசியைத் தானே பிடுங்கிவிட்டு, பஞ்சை அழுத்திக்கொண்டு எழுந்தான். “வாக்கா, போவோம்.”

“ஏலே, எங்க கிளம்புத?” என்றார் சிதம்பரவேல்.

“அவ பெரியவளானப்போ தாய்மாமன் சீர்னு ஒரு பாவாடைத் துணிகூடக் கொண்டுபோய்க் கொடுக்கல. இப்பக் கொடுக்கேன்.”

சிதம்பரவேல் வாதாடவில்லை. “கொடுத்துட்டுச் சாயங்காலம் வந்திரு. ஆளுக காத்துக்கிட்டு இருக்காக,” என்றார்.

அக்கா பைக்கில் பின்னால் உட்கார்ந்தாள். பாலம் வரைக்கும் பைக்கை விரட்டினான். பிறகு, “மெதுவாப் போலே. இத்தன வருஷம் வராதவன் இப்ப என்ன பறக்க,” என்றாள். அவன் வேகத்தைக் குறைத்தான். கொஞ்ச தூரத்தில் அவளே, “குறைக்கச் சொன்னா ஒரேயடியாவா குறைப்ப,” என்றாள்.

பெரியாஸ்பத்திரியில் காய்ச்சல் வார்டைப் பார்த்துக்கொண்டது டாக்டர் மெஹருன்னிசா. தூக்கமில்லாத கண். ஆவுடையைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துகொண்டார்.

“பேனர்ல இருக்கறவர் நீங்கதானே. உங்களை ஒருதரம் பார்க்கணும்னு இருந்தேன்.”

“ரத்தத்த எடுத்துக்கோங்க டாக்டரம்மா. எவ்வளவு வேணும்னாலும்.”

“முதல்ல கொஞ்சம் போதும். பொருத்தம் பார்க்கணும்.”

மத்தியானம் முடிவு வந்தது. இருவரையும் தன் அறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். “உங்க அணுவை நித்திலாவுக்கு ஏத்த முடியாது.”

பிரம்மசக்தி சிரித்தாள். “அதத்தான் அங்கயும் சொன்னாவ. நீங்க நாற்காலியாவது போட்டுச் சொல்லுதிய.”

“அவங்க சேராதுன்னு சொன்னாங்க. நான் அதைச் சொல்லலம்மா. ரொம்ப நல்லாச் சேரும். அதுதான் ஆபத்து.” டாக்டர் ஆவுடையின் மணிக்கட்டைப் பார்த்தார். “இங்க கயிறு கட்டறீங்கல்ல, அப்படி வெச்சுக்குங்க. நம்ம உடம்புல ஒவ்வொரு அணுவும் ரெண்டு கயிறு கட்டியிருக்கு. அம்மா கொடுத்தது ஒண்ணு, அப்பா கொடுத்தது ஒண்ணு. வெள்ளையணுவுக்கு வேலையே இந்தக் கயிறைப் பார்க்கறதுதான். நெஞ்செலும்புக்குப் பின்னால அதுக்கு ஒரு பள்ளிக்கூடம் இருக்கு. சொந்தக் கயிறைப் பார்த்து அடிக்கக் கிளம்பற அணுவை அங்கேயே கொன்னுடும். படிக்கப் போறதுல முக்கால்வாசி வெளிய வராது. மிச்சம் வர்றது, சொந்தக் கயிறு கட்டினவனை விட்டுடும், தெரியாத கயிறுன்னா கொல்லும்.”

“சரி.”

“உங்க அப்பா அம்மா ரெண்டு பேரும் ஒரே கயிறைக் கொடுத்திருக்காங்க. உங்ககிட்ட சிவப்பும் சிவப்பும். நித்திலாகிட்ட அம்மா வழியா அதே சிவப்பு, அப்பா வழியா பச்சை. உங்க அணு உள்ள போனா அவளோட காவல் என்ன பார்க்கும்? சிவப்பு மட்டும். நம்மாளுதான்னு கதவைத் திறந்து விட்டுடும். உள்ள போனதும் உங்க அணு சுத்திப் பார்க்கும். எல்லா இடத்திலயும் சிவப்புக்குப் பக்கத்துல பச்சை. அது பச்சையைப் பார்த்ததே இல்ல.”

டாக்டர் மேஜை மேல் கையை ஊன்றினார்.

“கிருமியையும் கொல்லும். காய்ச்சல் இறங்கும். எல்லாரும் சந்தோஷமா வீட்டுக்குக் கூட்டிட்டுப் போவாங்க. அப்புறம் அது அவளையே கொல்ல ஆரம்பிக்கும். தடுக்க அவ உடம்புல ஆள் இருக்காது. சாதாரண ரத்தமா இருந்தா கதிர் காட்டி இதைத் தடுத்துடலாம். நினைவணுவுக்குக் காட்டினா அது பெருகாது, பெருகாததால கிருமியையும் அடிக்காது.”

“எங்கெங்க அடிக்கும்?” என்று கேட்டான் ஆவுடை.

“தோல். குடல். கல்லீரல். கடைசியா எலும்புக்குள்ள ரத்தம் ஊறற இடம்.”

“முதல்ல உள்ளங்கை சிவக்குமா? பொறவு தோல் உரியுமா, படுக்கையில ஒட்டிக்கிட்டு?”

டாக்டர் அவனை நிமிர்ந்து பார்த்தார். “உங்களுக்கு எப்படித் தெரியும்?”

அவன் தன் உள்ளங்கையைப் பார்த்தான். வடிவுக்குக் காய்ச்சல் இறங்கியதற்குத் தெருவில் எல்லோருக்கும் ஜிலேபி கொடுத்தான். அடுத்த வாரம் அவள் உள்ளங்கை சிவந்தது. மருதாணி வைத்த மாதிரி இருக்கு என்று காட்டினாள். கடைசியில் வாழை இலையில் படுக்கவைத்திருந்தார்கள். அவளைப் புரட்டிவிடும் வேலையை அவன் வேறு யாரிடமும் கொடுக்கவில்லை.

“எம் பொஞ்சாதியும் எங்க ஆளுகதான் டாக்டரம்மா. தூரத்து முறையில மாமா மக.”

“இருந்தா என்ன? இந்தக் கயிறுகள் உங்க சங்கத்துக்கு எல்லாம் ரொம்ப முன்னாடி உள்ளது. எந்தத் தெருவுல எது இருக்கும்னு யாராலயும் சொல்ல முடியாது. உங்க ஆளுங்கள்ல பாதிப் பேருக்கு ரெண்டு வேற கயிறு இருக்கும். உங்க மண்டபத்துல, படுத்திருக்கறவங்க உடம்பு தள்ளுமான்னு ஒரு பக்கம் மட்டும் பார்த்து ஏத்தறாங்க. உடம்பு தள்ளலன்னா போதும்னு நினைக்கிறாங்க. தள்ளாததுதான் பயம்.”

வெளியே வராந்தாவுக்கு வந்ததும் பிரம்மசக்தி அவன் சட்டையைப் பிடித்தாள். “அந்தம்மா ஆயிரம் சொல்லட்டும். நீ எழுதிக் கொடுலே, எம்பொறுப்புன்னு. நானும் கையெழுத்துப் போடுதேன்.”

“முடியாதுக்கா.”

“ஏன், சாயங்காலம் சங்கத்துல பதில் சொல்லணுமோ?”

“அக்கா, வடிவக் கொன்னது காய்ச்சல் இல்ல. நாந்தான். என் அணுதான்.”

அவள் சட்டையை விட்டாள். பிறகு அமைதியாகக் கேட்டாள்: “இதும் சங்கத்துல சொல்லிக்கொடுத்து அனுப்பினதா? செத்தவளக் கூட விடமாட்டியளா?”



பிரம்மசக்திக்குக் காய்ச்சல் வந்ததில்லை. அதனால் அவளிடம் நினைவணுவும் இல்லை, வார்டின் கண்ணாடித் தடுப்புக்கு உள்ளே போக அனுமதியும் இல்லை. வந்து பிழைத்தவர்கள் மட்டும்தான் உள்ளே போகலாம். ஆவுடை போனான். இருவரில் யாரும் அதைப் பேசி முடிவு செய்யவில்லை. அவள் ஐஸ் வாளியைத் தரையில் வைத்தாள், அவன் எடுத்துக்கொண்டான்.

நித்திலா கண்ணைத் திறந்து அவனைப் பார்த்தாள். கப்பல் இன்ஜினியரிங் படிக்கிற பெண். நெற்றியில் உப்புப் பொரிந்து வெள்ளையாகப் படிந்திருந்தது.

“நீங்கதான் பேனர் மாமாவா?”

“ஆமா.”

“நேர்ல கொஞ்சம் கறுப்பா இருக்கிய.”

“பேனர்ல வெள்ளையடிச்சிட்டானுவ.”

ஈரத்துணியால் அவள் கையைத் துடைத்தான். அவள் தடுக்கவில்லை. “உங்க ரத்தம் எனக்கு ஆகாதாம். டாக்டர் சொல்லிட்டாங்க. அம்மா நம்பமாட்டா. அவளுக்கு எல்லாப் பதிலும் ஒரே பதிலாத்தான் கேட்கும்,” என்றாள். அதற்குள் மூச்சு வாங்கியது. “அப்ப எனக்கு என்ன வழி?”

“உன் அணுவே கத்துக்கணுமாம். எத்தனையோ லட்சத்துல ஒண்ணு இந்தக் கிருமிய அடையாளம் காணுததுக்குன்னே இருக்குமாம். அது கிருமியக் கண்டுபிடிச்சுப் பெருகுத வரைக்கும் உடம்பு தாங்கணும்.”

“கண்டுபிடிக்காட்டா?”

“தெரியலம்மா.”

பொய் சொல்லாமல் இருந்தது அவளுக்குப் பிடித்திருக்க வேண்டும். கையை அவன் பிடியில் விட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள்.

மறுநாள் சிதம்பரவேலின் கார் ஆஸ்பத்திரி வளாகத்தில் வந்து நின்றது. அவரே இறங்கி வராந்தாவுக்கு வந்தார். மடித்துக் கட்டிய வேட்டி, சவரம் செய்யாத முகம். பெஞ்சில் இருந்த ஆவுடையின் பக்கத்தில் உட்கார்ந்தார். பிரம்மசக்தி கண்ணாடியை ஒட்டி நின்றவள், திரும்பவில்லை.

“செண்பகத்துக்குக் காய்ச்சல் கண்டிருச்சுலே,” என்றார். செண்பகம் அவருடைய ஒரே மகள். “தொட்டியில சொட்டு இல்ல. எந்திரி. இப்பப் போய் எடுத்தாத்தான் பெருக்க முடியும்.”

“வடிவு எதுல செத்தா அண்ணாச்சி?”

“பின்காய்ச்சல். ஏன் கேக்க?”

“பின்காய்ச்சல்னு ஒரு காய்ச்சலே கிடையாதாம்.”

சிதம்பரவேல் அவசரப்படவில்லை. துண்டால் கழுத்தைத் துடைத்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார். “எங்களுக்கும் ஒரு சந்தேகம் இருந்துச்சு. கமிட்டியில பேசினோம். நீ சங்கடப்படுவேன்னுதான் சொல்லல. வடிவோட அம்மையப் பெத்த வீடு இருக்கு பாரு, அது எங்கயோ மேக்க இருந்து வந்த வகையறா. அங்கன எங்கயோ கலந்திருக்கு. இல்லன்னா நம்ம அணு நம்ம பிள்ளய எதுக்கு அடிக்கும், சொல்லு? ஒரு வகையில பாத்தா யாரு நம்ம ஆளு, யாரு இல்லன்னு அதுவே காட்டிக்கொடுத்திருது.”

“அப்பத் தெரிஞ்சும் ஏத்திக்கிட்டே இருந்திய.”

“அசல் ஆளுக்கு ஒண்ணும் ஆகாதேலே.”

ஆவுடை அவர் மேல் பாய்வான் என்றுதான் பிரம்மசக்தி நினைத்தாள். திரும்பியேவிட்டாள். அவன் எழுந்து சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டான்.

“சரி அண்ணாச்சி. வாங்க போவோம்.”

“இப்பமா?”

“இப்பத்தான். இங்க எதுக்கு டெஸ்ட், டாக்டர் எல்லாம். செண்பகம் அசல். உங்களுக்கும் மதினிக்கும் பிறந்த பிள்ள. எவ்வளவு வேணுமோ எடுத்துக்கோங்க. வண்டிய எடுக்கச் சொல்லுங்க.”

சிதம்பரவேல் எழுந்திருக்கவில்லை. கார் சாவி அவர் கையில்தான் இருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தார். மனைவியின் அம்மா வீடு எது, அதற்கு முந்தியது எது, அவரவர் தாத்தா யார் யாரைக் கட்டினார்கள் என்று அவர் மனசுக்குள் நடந்து போவது முகத்தில் தெரிந்தது. போகப் போக நடை தளர்வதும் தெரிந்தது.

“எந்திரிங்க அண்ணாச்சி.”

“அந்த டாக்டரம்மா இருக்காவளா?” என்றார் சிதம்பரவேல். “ஒரு டெஸ்ட்… சும்மா ஒரு மன நிம்மதிக்கு.”

டாக்டரின் அறை எது என்று ஆவுடை கையைக் காட்டினான். அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு போனார்.

பிரம்மசக்தி வந்து பெஞ்சில் உட்கார்ந்தாள். டாக்டரின் பேச்சை நம்பாதவள், தம்பியின் பேச்சை நம்பாதவள், அந்த மனிதரின் பயத்தை நம்பிவிட்டாள்.

“வடிவுக்கு ரொம்ப வலிச்சுதாலே?”

“ஆமாக்கா.”

அவள் அவன் முதுகில் கை வைத்தாள். அழச் சொல்லவும் இல்லை, அழாதே என்று சொல்லவும் இல்லை.

அதற்குப் பிறகான நாட்களைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. ஐஸ், ஈரத்துணி, டிரிப்ஸ். ஒரு கட்டத்தில் நித்திலாவுக்கு அவன் யார் என்றே தெரியவில்லை. அப்பா என்று கூப்பிட்டாள். அவன் “சொல்லும்மா” என்றான். மண்டபத்தில் இருந்து போன் வந்துகொண்டே இருந்தது. யாருக்கும் ஏற்ற வேண்டாம், நான் இனிமேல் கொடுக்கமாட்டேன் என்று ஒரே பதிலைத் திரும்பத் திரும்பச் சொன்னான். துரோகி என்றார்கள். சிலர் கெஞ்சினார்கள். கெஞ்சியவர்களுக்குப் பதில் சொல்வதுதான் கஷ்டமாக இருந்தது. மண்டபங்களில் நடப்பதை டாக்டர் மெஹருன்னிசா மேலே எழுதி அனுப்பினார். பேனரை யாரோ கிழித்துவிட்டதாகச் சேதி வந்தது.

நித்திலாவின் உடம்பு மெல்லத் தணிந்த நாளில் டாக்டர் கண்ணாடிக்கு வெளியே நின்று ரத்தப் பரிசோதனை முடிவைப் படித்தார். இரண்டாம் தடவையும் படித்தார்.

“கத்துக்கிச்சு,” என்றார்.

பிரம்மசக்தி கண்ணாடியில் நெற்றியை வைத்துக்கொண்டாள்.

“இன்னொண்ணு சொல்றேன், ஆவுடையப்பன். கிருமியோட துண்டை எடுத்து வெளிய காட்டறதும் இதே கயிறுதான். அப்படிக் காட்டினாத்தான் வெள்ளையணுவுக்கு அடையாளம் தெரியும். ரெண்டு வேற கயிறு இருந்தா ரெண்டு விதமாக் காட்டும். உங்களுக்கு ஒரே விதம்தான். நீங்க பிழைச்சது அதிர்ஷ்டம், வேற ஒண்ணும் இல்ல. இவ உடம்புல கிருமியைச் சரியாக் காட்டினது சிவப்பு இல்ல. அவங்கப்பா கொடுத்தது.”

“அப்ப எங்க பக்கத்துல இருந்து…”

“இந்தத் தடவை ஒண்ணும் உதவல.”

பிரம்மசக்தி திரும்பாமலே சொன்னாள்: “அந்த ஆளு செத்தும் வெல்டிங் வச்சுக்கிட்டுல்லா இருக்காரு.” சொல்லிவிட்டுத்தான் அழுதாள்.

“இவளோட அணு இனி யாருக்காவது ஆகுமா?” என்று கேட்டான் ஆவுடை.

“ஆகும். இவளை மாதிரியே ஒரு பக்கம் சிவப்பு, ஒரு பக்கம் பச்சை இருக்கறவங்களுக்கு.”

“அப்படி யாரு இருப்பா?”

“நிறையப் பேர். எல்லாச் சங்கத்திலயும்.”

அன்றைக்குச் சாயங்காலம் சிதம்பரவேல் வந்தார். காரைத் தெருவிலேயே நிறுத்திவிட்டு நடந்து வந்தார். முகக்கவசத்தைக் கண்வரை ஏற்றியிருந்தார். ஆவுடையைத் தாண்டிப் போய்ப் பிரம்மசக்தியின் முன்னால் நின்றார். முகக்கவசத்தைக் கீழே இறக்கினார்.

“செண்பகத்துக்கு ஒம் பிள்ளயோடது சரியா இருக்குன்னு டெஸ்டுல வந்திருக்கும்மா,” என்றார். “ரெண்டு பக்கமும்.”

பிரம்மசக்தி தம்பியைப் பார்த்தாள். அவன் கண்ணாடிப் பக்கம் பார்த்தான்.

“எங்கிட்டக் கேட்டு என்ன செய்ய அண்ணாச்சி?” என்றாள். “இவங்கிட்டக் கேட்டும் ஒண்ணும் ஆகாது. அவ முழிச்சுக்கிட்டுத்தான் இருக்கா. கண்ணாடியத் தட்டினா திரும்புவா. அவ ரத்தம், அவகிட்டக் கேளுங்க.”

சிதம்பரவேல் கண்ணாடி வரைக்கும் போனார். தட்டுவதற்குக் கையைத் தூக்கியவர், அப்படியே நின்று திரும்பினார்.

“அன்னைக்குச் சொன்ன, மனசுல நிக்கல. பிள்ளைக்குப் பேரு என்னம்மா?” என்று கேட்டார்.